வாழை வேரில் எடுத்த பேசில்லஸ்: ஜி.சி.-எம்.எஸ் பட்டியலை நம்பி எழுதலாமா?

ஆய்வகப்பூனை

எல்லோருக்கும் வணக்கம். நுண்ணுயிரியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. வாடல் நோய் புகுந்த ஒரு ரஸ்தாளித் தோட்டத்தில், சுற்றியிருந்தவை மஞ்சளாகிச் சாய்ந்தபோதும் சில மரங்கள் மட்டும் நன்றாக நின்றன. அவற்றின் வேரை எடுத்து உள்ளே வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தேன். 70 சதவீத எத்தனால், அப்புறம் சோடியம் ஹைப்போகுளோரைட், அப்புறம் கிருமி நீக்கிய நீரில் கழுவல் என்று வழக்கமான முறைதான். கடைசியாகக் கழுவிய நீரைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன், எதுவும் முளைக்கவில்லை.

கிடைத்தவற்றில் ஒன்று, வாடல் நோயைத் தரும் ஃபியூசேரியம் காளானைத் தட்டில் அருமையாகத் தடுக்கிறது. 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் மரபணு) பார்த்ததில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை. எல்.பி. மீடியம் என்ற வளர்ப்புத் திரவத்தில் மூன்று நாள் வளர்த்து, செல்களை நீக்கி, மேல்திரவத்தை எத்தில் அசிடேட்டில் பிரித்து ரோட்டவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) வற்றவைத்தேன். மிஞ்சிய பழுப்புப் பிசினைக் கட்டணம் வாங்கிச் செய்துதரும் ஓர் இடத்தில் ஜி.சி.-எம்.எஸ்ஸுக்கு (பொருட்களை ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் மெஷின்) கொடுத்தேன்.

ரிப்போர்ட்டில் வந்த பெரிய பீக்குகள் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் முகடு): பிர்ரோலோ பைரசின் டையோன் வகையில் ஒன்று (ஹெக்ஸாஹைட்ரோ-3-(2-மெத்தில்புரோப்பைல்) என்று நீண்ட பெயர்), பிஸ்(2-எத்தில்ஹெக்சில்) தாலேட், 2,4-டை-டெர்ட்-பியூட்டைல்ஃபீனால், 9-ஆக்டாடெசினமைடு, ஹெக்ஸாடெகனோயிக் அமிலம், ஆக்டாமெத்தில் சைக்ளோடெட்ராசிலாக்சேன். லைப்ரரி மேட்ச் (கணினியில் உள்ள ஸ்பெக்ட்ரத் தொகுப்போடு பொருந்தும் அளவு) எல்லாம் 80-க்கு மேல்.

“இவை எல்லாவற்றுக்கும் ஆன்டிமைக்ரோபியல் என்று பேப்பர் இருக்கிறது, அப்படியே பட்டியல் போட்டு எழுது” என்கிறார் கைடு. தேடினால் நிஜமாகவே நிறைய பேப்பர்கள் இருக்கின்றன. ஆனாலும் எனக்கு என்னவோ உறுத்துகிறது. ஃபியூசேரியத்தைத் தடுப்பது இவற்றில் எது?

குவாட்ரபோல்

இவற்றில் எதுவும் இல்லை என்பதுதான் என் பந்தயம்.

பல வருடமாக இந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். தம்பியா தங்கையா தெரியவில்லை, பூனை என்றே கூப்பிடுகிறேன். இதே பட்டியலை வேப்பிலைச் சாற்றிலும் பார்த்திருக்கிறேன், கடற்பாசியிலும் பார்த்திருக்கிறேன், ஒருமுறை பசுங்கோமியத்திலும் பார்த்தேன். உயிரினம் மாறினாலும் பட்டியல் மாறவில்லை என்றால் அது உயிரினத்தின் பட்டியலா, ஆய்வகத்தின் பட்டியலா?

சிலாக்சேன், மெஷினின் பிரிக்கும் குழாய்க்குள் (column) பூசியிருக்கும் பொருளிலிருந்தோ, சாம்பிளைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் போர்ட்டின் ரப்பர் செப்டத்திலிருந்தோ (மூடி) வருவது. எம்/இசட் (நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம்) 73, 207, 281 என்று நிறை எண்கள் தெரிந்தால் உடனே அடித்துவிடலாம். பேசில்லஸ் சிலிகோன் செய்யாது.

தாலேட் பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்ப்பது. 149 என்ற நிறை எண் உயரமாக நிற்கும். பி.வி.சி. டியூப், பாட்டில் மூடி, கையுறை, சில சமயம் மலிவான கரைப்பான் டப்பா, எதிலிருந்தும் வரும். ஒரு லிட்டர் எத்தில் அசிடேட்டை ஒரு மில்லிலிட்டராக வற்றவைக்கும்போது அதிலிருந்த அழுக்கும் ஆயிரம் மடங்கு செறிவாகிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

டை-டெர்ட்-பியூட்டைல்ஃபீனால், இர்காஃபாஸ் 168 என்று பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் உடைந்தால் வருவது. 9-ஆக்டாடெசினமைடு என்பது ஒலியமைடு. பாலிப்ரொப்பிலீன் டியூப் அச்சில் ஒட்டாமல் வழுக்கிவர அதைச் சேர்க்கிறார்கள். 2008-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் சயின்ஸ் இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். ஆய்வக டியூப்பிலிருந்து கசிந்த ஒலியமைடும் இன்னொரு பொருளும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்சைமையே தடுத்து, சோதனை முடிவுகளைக் குழப்பின. அதாவது பிளாஸ்டிக் கசிவுக்கும் “உயிரியல் செயல்பாடு” உண்டு. ஆன்டிமைக்ரோபியல் என்று பேப்பர் இருப்பதால் அது உங்கள் பாக்டீரியா செய்த பொருள் ஆகிவிடாது.

ஒரே கேள்வி. பாக்டீரியா போடாத வெறும் எல்.பி.யை அதே ஷேக்கரில் அதே மூன்று நாள் வைத்து, அதே டியூப், அதே கரைப்பான், அதே ரோட்டவேப் என்று கொண்டுபோய் ஓட்டினீர்களா?

ஆய்வகப்பூனை

இல்லை சார். ஒரு சாம்பிளுக்கே கட்டணம் கட்ட யோசிக்க வேண்டியிருந்தது.

கரிம_வேதியன்

குவாட்ரபோல் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் “எதுவும் இல்லை” என்று ஒரேயடியாக அடிப்பதை ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த நீண்ட பெயர்க்காரர். அது சைக்ளோ(லியூசின்-புரோலின்), இரண்டு அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்த டைகீட்டோபைபரசின். பாக்டீரியாக்கள் இவற்றை நிஜமாகவே செய்கின்றன, அதற்கென்று சைக்ளோடைபெப்டைடு சிந்தேஸ் என்ற என்சைம் குடும்பமே இருக்கிறது. சில டைகீட்டோபைபரசின்களுக்குக் காளான் தடுப்புத் திறனும் காட்டப்பட்டிருக்கிறது.

தாலேட்டிலும் எல்லாமே அழுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை. கடற்பாசியிலிருந்து எடுத்த தாலேட்டில் கார்பன்-14 அளந்து பார்த்தவர்கள் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து செய்ததில் கார்பன்-14 இருக்காது, உயிர் செய்ததில் இருக்கும். அங்கே இருந்தது.

குவாட்ரபோல்

ஐயா, கார்பன்-14 அளந்தவர் தாலேட் என்று எழுதட்டும், நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன். நிஸ்ட் லைப்ரரியில் (மெஷினோடு வரும் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) 85 வந்தது என்று எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

டைகீட்டோபைபரசினுக்கு வருகிறேன். எல்.பி. மீடியத்தில் லிட்டருக்கு 10 கிராம் டிரிப்டோன். டிரிப்டோன் என்றால் செரித்த பால் புரதம், கேசீன். கேசீனில் புரோலின் நிறைய. அந்தச் சிறு பெப்டைடுகளை ஆட்டோக்ளேவில் 121 டிகிரியில் வேகவைத்தால் புரோலின் உள்ளவை எளிதாக வளையமாகிவிடும். மிச்சமிருப்பவை 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் இன்ஜெக்ஷன் போர்ட்டில் வளையமாகும். ஆக, பாக்டீரியா எதுவும் செய்யாவிட்டாலும் இந்த பீக் வரும். பாக்டீரியா செய்திருந்தாலும் வரும். எது என்று பிளாங்க் (நான் கேட்ட, பாக்டீரியா போடாத அந்த ஒப்பீட்டுச் சாம்பிள்) இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்?

கரிம_வேதியன்

அந்த இடத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிளாங்க் ஓட்டட்டும்.

வேர்முடிச்சு

நான் பயிர் நோயியல் பக்கம். வேதியியல் சண்டைக்குள் வராமல் ஒன்று கேட்கிறேன். வாடல் காளானைத் தடுக்கும் பேசில்லஸ் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லிப்போபெப்டைடுகள் (கொழுப்புச் சங்கிலி ஒட்டிய சிறு பெப்டைடுகள்): சர்ஃபாக்டின், இட்யூரின், ஃபெஞ்சைசின். பட்டியலில் அவை ஏன் இல்லை என்று யாருமே கேட்கவில்லையே?

குவாட்ரபோல்

கேட்கத்தான் போகிறேன், அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஜி.சி.யில் ஒரு பொருள் தெரிய வேண்டுமானால் அது ஆவியாக வேண்டும். சர்ஃபாக்டினின் மூலக்கூறு நிறை ஆயிரத்தைத் தாண்டும். இட்யூரினும் அப்படித்தான், ஃபெஞ்சைசின் 1,450 பக்கம். இவற்றை ஜி.சி.யில் ஊற்றினால் இன்ஜெக்ஷன் போர்ட்டின் கண்ணாடி லைனரில் கரியாக ஒட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் லைனரைக் கழற்றித் தேய்க்கிறவன் நான்தான், எனக்குத் தெரியும். காளானைக் கொன்றது லைனரில் கரியாகக் கிடக்க, டியூப்பிலிருந்து வந்தது பட்டியலில் முதலிடம் பிடிக்கிறது.

ஜி.சி.-எம்.எஸ்ஸைக் குறை சொல்லவில்லை. பாக்டீரியா காற்றில் விடும் எளிதில் ஆவியாகும் பொருட்களைப் பார்க்க அதைவிடச் சிறந்தது கிடையாது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் வேண்டுமானால் எம்.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற வேதிப்பொருளைப் போட்டு, எளிதில் ஆவியாகும் சிலைல் வடிவமாக்கிப் பார்க்கலாம். கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக்கிப் பார்க்கலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினால் சரி. கச்சாச் சாற்றை அப்படியே ஊற்றி, வந்ததை எல்லாம் “மெட்டபொலைட்” (உயிரி செய்த பொருள்) என்பதுதான் பிரச்சினை.

ஆய்வகப்பூனை

அப்படியானால் லிப்போபெப்டைடு எத்தில் அசிடேட்டில் வந்திருக்குமா? அல்லது பிரிக்கும்போதே தொலைத்துவிட்டேனா?

கரிம_வேதியன்

பிரிப்பதற்கு முன் பி.ஹெச்சைக் குறைத்தீர்களா? எல்.பி.யில் பேசில்லஸ் வளர்ந்து முடித்தால் திரவம் காரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியா விடுகிறது. சர்ஃபாக்டினில் குளூட்டாமிக், அஸ்பார்டிக் என்று இரண்டு அமிலங்கள் உண்டு. கார நிலையில் அவை மின்னூட்டத்தோடு இருப்பதால் அது தண்ணீரிலேயே சுகமாக உட்கார்ந்துவிடும். அமிலமாக்கினால்தான் வெளியே வரும்.

பழைய முறை எளிது, செலவும் இல்லை. செல் நீக்கிய திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச் 2-க்குக் கொண்டுவாருங்கள். 4 டிகிரியில் ஓர் இரவு. வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ படியும். அதைச் சுழற்றி எடுத்து மெத்தனாலில் கரையுங்கள். அதில் பாதியைக் காளான் தட்டில் சோதியுங்கள். வேலை செய்தால் மீதியைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கு முன் டி.எல்.சி. (மெல்லிய பூச்சுத் தகட்டில் கரைப்பான் ஏறும்போது பொருட்களைப் பிரிக்கும் முறை) ஒன்று. சிலிகா தகடு, குளோரோஃபார்ம்-மெத்தனால்-தண்ணீர் 65:25:4. ஓடி முடித்த தகட்டில் தண்ணீரைத் தெளித்தால் லிப்போபெப்டைடு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும், அது நீரை விரட்டுகிறது. மேலே சர்ஃபாக்டின், நடுவில் இட்யூரின், கீழே தொடக்கக் கோட்டுக்கு அருகில் ஃபெஞ்சைசின். நின்ஹைட்ரினுக்கு அவை நிறம் காட்டாது, வளையப் பெப்டைடு என்பதால் தனி அமினோ முனை இல்லை (ஃபெஞ்சைசினில் ஆர்னிதின் இருப்பதால் அது லேசாகக் காட்டக்கூடும்). இன்னொரு தகட்டைக் கரைப்பான் நன்றாகப் போனபிறகு, காளான் விதை கலந்த மெல்லிய அகாரால் மூடி இரண்டு நாள் வையுங்கள். எந்த இடத்தில் காளான் வளரவில்லையோ அங்கேதான் உங்கள் மருந்து. கட்டணம் எதுவும் கட்டாமல், எது செயல்படுகிறது என்பதை உங்கள் காளானே சொல்லிவிடும்.

மரபணுப்பித்தன்

16எஸ் வைத்து பேசில்லஸ் என்பதோடு நிறுத்திக்கொண்டது நல்ல வேலை. சப்டிலிஸ், வெலெசென்சிஸ், அமைலோலிக்விஃபேசியன்ஸ், சியாமென்சிஸ் எல்லாவற்றுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதை வைத்து இனப்பெயர் எழுதினால் மதிப்பீட்டாளர் துரத்துவார். கைரேஸ் ஏ அல்லது கைரேஸ் பி மரபணுவைப் பாருங்கள்.

முடிந்தால் முழு ஜீனோம். இப்போது பாக்டீரியா ஜீனோம் செய்வதற்கு ஆகும் செலவு, நீங்கள் ஜி.சி.-எம்.எஸ்ஸுக்கு ஏழெட்டு தடவை கட்டுவதோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. ஆன்டிஸ்மாஷ் என்ற நிரல் 2011 முதல் இலவசமாக இருக்கிறது. எந்தெந்தப் பொருளைச் செய்ய மரபணுக் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஜெர்மனியில் விவசாயத்துக்கு விற்கும் எஃப்.இசட்.பி.42 என்ற பேசில்லஸின் ஜீனோம் 2007-இல் வந்தபோது, அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி இந்த மாதிரிப் பொருட்களைச் செய்வதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது: சர்ஃபாக்டின், பேசில்லோமைசின் டி, ஃபெஞ்சைசின், பேசிலீன், டிஃபிசிடின், மேக்ரோலாக்டின். உங்களுடையதும் அந்தச் சாதியாக இருந்தால் தேட வேண்டியது எது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மரபணு இருக்கிறது என்றால் செய்யக்கூடும் என்றுதான் அர்த்தம். செய்கிறதா என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரம்தான் சொல்ல வேண்டும்.

நாட்டுமருந்து_மணி

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். செடிக்குள் இருக்கும் கிருமிதான் செடியின் மருந்தையே செய்கிறது என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது நிஜமா? நிஜமென்றால் மூலிகையை அரைப்பதற்குப் பதில் கிருமியை வளர்த்தால் போதுமே?

கரிம_வேதியன்

வெளியே போகவில்லை, நடு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். நிஜமான கதையும் உண்டு, பாதியில் நின்ற கதையும் உண்டு.

பாதியில் நின்றது டாக்ஸால். பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த புற்றுநோய் மருந்து, அமைப்பு 1971-இல் வெளியானது. 1993-இல் மொன்டானாவில் ஸ்டீர்ல், ஸ்ட்ரோபெல் குழுவினர் அந்த மரத்துக்குள் வாழும் ஒரு காளானும் டாக்ஸால் செய்கிறது என்று சயின்ஸில் எழுதினார்கள். அளவு லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் “என் காளானும் டாக்ஸால் செய்கிறது” என்று பேப்பர் மழை. 2013-இல் ஹைனிக், ஷோல்ஸ், யென்னவைன் என்ற ஜெர்மன் குழு, அந்த முதல் காளானையும் சேர்த்து எடுத்து வளர்த்துப் பார்த்தது, ஜீனோமையும் பார்த்தது. காளான் தானாகவே டாக்ஸால் செய்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்று மருந்துக்கான டாக்ஸால் பெரிய அளவில் யூ மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்த்து எடுக்கப்படுகிறது. காளான் தொட்டியிலிருந்து அல்ல.

மரபணுப்பித்தன்

நிஜமான கதையை நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது அது: மேட்டன்சின். 1972-இல் குப்சன் குழு ஆப்பிரிக்க மேட்டனஸ் செடியில் கண்டுபிடித்தது. புற்றுசெல்லின் நுண்குழாய்களைக் குலைக்கும் கடுமையான நஞ்சு. ஆனால் வேதியியல்காரர்களுக்கு அப்போதே ஒரு சந்தேகம்: இந்த அமைப்பு செடி செய்கிற மாதிரி இல்லையே, ரிஃபாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செய்யும் பாக்டீரியாக்களின் கைவேலை மாதிரி இருக்கிறதே என்று. 1977-இல் ஜப்பானில் ஆக்டினோசினீமா என்ற பாக்டீரியாவிலிருந்து ஆன்சமைட்டோசின் கிடைத்தது. அதே எலும்புக்கூடு, ஓரத்தில் தொங்கும் எஸ்டர் மட்டும் வேறு. அந்த பாக்டீரியாவை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? ஒரு கோரைப்புல்லின் இலையில்.

2014-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் குழு, புட்டர்லிக்கியா என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் வேரைக் குறுக்கே வெட்டி, எந்த இடத்தில் மேட்டன்சின் இருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி படமாகவே எடுத்தது. வேரின் புறணியில், பாக்டீரியாக்கள் வாழும் இடத்தோடு அது பொருந்தியது. அந்தப் பாக்டீரியாக் கூட்டமே மூலம் என்று எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மேட்டனஸ் செரேட்டாவில் பார்த்தபோது, பாக்டீரியா பாதி, செடி பாதி என்று சேர்ந்து செய்வதாகத் தெரிந்தது. இதன் வழித்தோன்றலான டி.எம்.1 இன்று மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப் எம்டான்சினில் இருக்கிறது. அமெரிக்காவில் 2013-இல் அனுமதி.

அதனால் மணி அண்ணா, “வளர்த்தால் போதுமே” என்பதுதான் கஷ்டம். பாதி வேலையைச் செடி செய்தால், பாக்டீரியாவை மட்டும் குடுவையில் போட்டு என்ன கிடைக்கும்? ஆர்டிசியா கிரெனாட்டா என்ற அழகுச் செடியின் இலை விளிம்பு முடிச்சுகளில் வாழும் பர்க்ஹோல்டேரியா இன்னும் மோசம். ஜப்பானில் 1988-இல் அந்த இலையிலிருந்து எஃப்.ஆர்.900359 என்ற பொருளை எடுத்தார்கள், செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-கியூ புரதத்தை நிறுத்தும் அபூர்வமான பொருள். அதைச் செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவில்தான் இருக்கின்றன என்று 2016-இல் ஜீனோம் காட்டியது. ஆனால் அந்த பாக்டீரியாவைத் தனியாக வளர்க்க யாராலும் முடியவில்லை. விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாகச் செடிக்குள்ளேயே போகிறது.

நாட்டுமருந்து_மணி

ஒரு சந்தேகம். செடியிலிருந்து எடுத்த கிருமி என்றால் அதோடு செடியின் சாறும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்காதா? அதைத்தான் கிருமி செய்தது என்று நினைத்துவிட்டால்?

குவாட்ரபோல்

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் சிறந்தது இது.

டாக்ஸால் காலத்திலிருந்தே இருக்கும் தலைவலி. முதல் தட்டிலிருந்து நேரே குடுவைக்குப் போனால் செடியின் பொருளும் போகும், இன்றைய மெஷின்கள் பிகோகிராம் அளவைக்கூடப் பிடித்துவிடும். திரும்பத் திரும்பத் துணை வளர்ப்பு செய்தால் செடியிலிருந்து வந்தது நீர்த்துப்போகும். ஆனால் அப்போது பாக்டீரியா நிஜமாகவே செய்வதை நிறுத்திவிட்டாலும் அதே மாதிரிதான் தெரியும், இரண்டையும் பிரிக்க முடியாது. உறுதியான வழி, கார்பன்-13 உள்ள குளூக்கோஸைக் கொடுப்பது. பாக்டீரியா தானே கட்டியிருந்தால் மூலக்கூறின் நிறை மேலே நகரும், செடியின் மிச்சமாக இருந்தால் நகராது.

பூனைக்கு இந்தக் கவலை இல்லை. வாழை சர்ஃபாக்டின் செய்யாது.

ஆய்வகப்பூனை

பிளாங்க் முடிவு வந்துவிட்டது. பாக்டீரியா போடாத எல்.பி., மற்ற எல்லாம் அதே மாதிரி. அதே இடத்தில்தான் ஓட்டினார்கள், கொஞ்சம் கெஞ்சிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டேன்.

தாலேட், ஃபீனால், ஒலியமைடு, சிலாக்சேன் நான்கும் பிளாங்கிலும் இருக்கின்றன, உயரமும் ஏறக்குறைய அதே. ஹெக்ஸாடெகனோயிக் அமிலம் இரண்டிலும் உண்டு, பாக்டீரியா உள்ளதில் அதிகம். சைக்ளோ(லியூசின்-புரோலின்) பிளாங்கிலும் இருக்கிறது, ஆனால் பாக்டீரியா சாம்பிளில் அது மூன்று மடங்கு பெரிது. இதற்கு என்ன அர்த்தம்?

அமிலம் போட்டுப் படியவைத்ததையும் பார்த்தேன். மெத்தனால் கரைசல் ஃபியூசேரியத்தை நன்றாகத் தடுக்கிறது. டி.எல்.சி.யில் தண்ணீர் தெளித்தபோது வெள்ளையாக இரண்டு இடம் தெரிந்தது. அகார் மூடிய தகட்டில் நடுவில் இருந்த இடத்தில்தான் காளான் வளரவில்லை, மேலே இருந்த இடத்தில் வளர்ந்துவிட்டது.

கரிம_வேதியன்

மூன்று மடங்கு என்றதும் “பார்த்தீர்களா” என்று குதிக்கத் தோன்றுகிறது. ஆனால் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. பேசில்லஸ் புரதத்தை உடைக்கும் என்சைம்களை வெளியே கொட்டும். டிரிப்டோனை அது மேலும் நறுக்கினால் வளையமாகக்கூடிய சிறு பெப்டைடுகள் கூடும், அவை ஜி.சி.யின் சூட்டில் வளையமாகும். பாக்டீரியாவின் வேலைதான், ஆனால் பாக்டீரியா கட்டிய பொருள் அல்ல. பெப்டைடே இல்லாத மீடியத்தில், குளூக்கோஸும் அம்மோனியம் உப்பும் மட்டும் கொடுத்து வளர்த்துப் பாருங்கள். அங்கேயும் வந்தால் நான் ஜெயித்தேன்.

குவாட்ரபோல்

வராவிட்டால் டீ வாங்கித்தர வேண்டும்.

வேர்முடிச்சு

அந்த டி.எல்.சி. முடிவு எனக்கு அதைவிட சுவாரசியம். நடுவில் உள்ளது இட்யூரின் குடும்பம் என்றால் பொருந்துகிறது, காளானின் சவ்வைத் துளைப்பது அதுதான். சர்ஃபாக்டின் தனியாகக் காளானை அவ்வளவாகத் தொடாது. அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். வேரில் பாக்டீரியா படலமாக ஒட்டிக்கொள்ளவும், செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டவும் அது உதவுகிறது.

இன்னொன்று. எல்.பி.யில் வந்த விகிதம் வாழை வேருக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். வேர் கசிவைப் போன்ற மீடியத்தில் வளர்க்கும்போது இதே வகை பேசில்லஸ்கள் சர்ஃபாக்டினை நிறையவும் மற்ற இரண்டைக் குறைவாகவும் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். தட்டில் ஜெயித்தது எல்லாம் தோட்டத்தில் ஜெயிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குவாட்ரபோல்

அடுத்த கட்டத்துக்கு எல்.சி.-எம்.எஸ் (ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து நிறை பார்ப்பது), பாசிட்டிவ் மோடு. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் நிறை எண் 100 முதல் 1000 வரை வைத்து ஓட்டி, “எதுவும் இல்லை” என்று கொடுத்துவிடுவார். 1,600 வரை கேளுங்கள்.

சர்ஃபாக்டின் 1008, 1022, 1036 என்று 14 இடைவெளியில் வரும், கொழுப்புச் சங்கிலியில் ஒவ்வொரு சிஹெச்2 கூடக் கூட. இட்யூரின் ஏ 1043, 1057. ஃபெஞ்சைசின் 1435-இலிருந்து 1500 சொச்சம் வரை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சர்ஃபாக்டின் சோடியத்தோடு ஒட்டினால் 1044, 1058 என்று வரும். எல்.பி.யில் உப்பு லிட்டருக்கு 10 கிராம் வரை இருக்கிறது, சோடியத்துக்குப் பஞ்சமே இல்லை. இட்யூரின் 1043-இன் ஐசோடோப் பீக்கும் 1044-இல் உட்காரும். குறைந்த துல்லிய மெஷினில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால் டி.எல்.சி.யில் நடுவில் இருந்ததைச் சுரண்டி எடுத்துத் தனியாக ஓட்டுங்கள், எம்.எஸ்/எம்.எஸ்ஸும் (மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறை பார்ப்பது) கேளுங்கள். சர்ஃபாக்டின் உடைந்தால் 685, 441 என்ற துண்டுகள் வரும். அவை வந்தால் இட்யூரின் என்று எழுதக் கூடாது. வந்த ஸ்பெக்ட்ரத்தை ஜி.என்.பி.எஸ். தளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் போட்ட ஸ்பெக்ட்ரங்களோடு இலவசமாக ஒப்பிட்டுத் தரும்.

ஆய்வகப்பூனை

நன்றி சார். கடைசியாக ஒன்று, கைடிடம் எப்படிச் சொல்வது? அவர் பட்டியல் அத்தியாயத்தைத் தலைப்போடு முடிவு செய்துவிட்டார்.

மரபணுப்பித்தன்

வாதம் செய்யாதே. இரண்டு குரோமட்டோகிராமையும் (பீக்குகள் உள்ள வரைபடம்) ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து மேசையில் வை. பாக்டீரியா உள்ளது கறுப்பு, இல்லாதது சிவப்பு. அவரே பார்ப்பார்.

கரிம_வேதியன்

கூடவே 2007-இல் மெட்டபொலோமிக்ஸ் தரநிலைக் குழு வெளியிட்ட நான்கு படிகளைக் காட்டுங்கள். உண்மையான ஸ்டாண்டர்டோடு (ஒப்பிடுவதற்கான தூய பொருள்), அதே மெஷினில், இரண்டு தனித்தனிப் பண்புகளில் ஒப்பிட்டால்தான் முதல் படி, அதாவது “இன்னது” என்று சொல்லலாம். லைப்ரரி மேட்ச் மட்டும் இரண்டாம் படி, “இன்னதாக இருக்கலாம்”. அட்டவணையில் அந்தப் படியைத் தனி நெடுவரிசையாகப் போட்டுவிட்டால் பட்டியலை நீக்கவே வேண்டாம், கைடுக்கும் அத்தியாயம் மிஞ்சும். விவாவில் யார் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். பிளாங்கில் இருந்ததை எல்லாம் இன்னொரு நெடுவரிசையில் குறித்துவிடுங்கள். சர்ஃபாக்டின் ஸ்டாண்டர்ட் கடையில் கிடைக்கிறது, இட்யூரினும் கிடைக்கிறது, ஒரு மில்லிகிராம் போதும்.

குவாட்ரபோல்

சாம்பிளைக் கண்ணாடிக் குப்பியில் அனுப்புங்கள், எப்பெண்டார்ஃப் (சிறு பிளாஸ்டிக்) டியூப் வேண்டாம். மூடிக்குள் டெஃப்ளான் பூசிய செப்டம் இருக்க வேண்டும், வெறும் ரப்பர் கூடாது. மேலே பாராஃபிலிம் (மெழுகுப் படலம்) சுற்றாதீர்கள், அதிலிருந்தும் ஏதாவது கசிந்து உள்ளே வரலாம். பிளாங்கையும் அதே பெட்டியில் வையுங்கள்.

ஆய்வகப்பூனை

சரி சார். திங்கட்கிழமை கொரியரில் போடுகிறேன். குளூக்கோஸ் மீடியத்தில் வளர்ப்பும் நாளை தொடங்குகிறேன், டீ யாருக்கு என்று பார்த்துவிடலாம்.